எங்கே போய்க் கேட்பது?

சென்ற மாதம் ஒரு மாணவர் விடுதியில் பேசப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து கிளம்பும்போது முதலாமாண்டு படிக்கும் ஒரு தம்பி வாசல் வரை கூடவே வந்தான். "அக்கா, பைத்தான் படிக்கிறேன். டவுட் வந்தா எங்க போய்க் கேக்குறது? வகுப்புல கேட்டா சிரிக்கிறாங்க" என்றான். வாய்க்கு வந்த இரண்டு தளங்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினோம். ஊர் வந்து சேரும் வரை மனசு கேட்கவில்லை. அவன் கேட்ட இதே கேள்விக்கு விடை தேடி நாங்கள் ஏறத்தாழ ஓராண்டு சண்டை போட்டிருக்கிறோம். அதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம். அதை நாங்கள் கொடுக்கவில்லை, வேறொருவர் கொடுத்தார் என்பதுதான் உண்மை. அந்தத் தம்பிக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் முழுப் பதிலாக இதை எழுதுகிறோம்.

நாங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு மாலைநேரப் படிப்பு மையம் நடத்துகிறவர்கள். மொத்தம் 6 பேர். சமூகவியல் படித்தவர்கள், சட்டம் படித்தவர்கள், ஐ.டி.யில் வேலை பார்ப்பவர் ஒருவர். 2021இல் சுற்றுவட்டக் காலனிகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். பட்டா உண்டா, கழிப்பறை உண்டா, பள்ளி இடைநிற்றல் எத்தனை, வன்கொடுமை வழக்கு ஏதும் நடக்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டோம். மையத்துக்கு வரும் பிள்ளைகள்தான் எடுத்தார்கள். எடுத்ததை அவர்களே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்பினோம். நம் வாழ்க்கையை யாரோ அட்டவணை போட்டு நமக்கே பாடம் எடுப்பது போதும் என்று தோன்றியது.

விலை கொடுத்து வாங்கும் புள்ளியியல் மென்பொருள்கள் நமக்கு எட்டாது. அதனால் ஆர் மொழியை எடுத்தோம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய நிரல்மொழி அது. முற்றிலும் இலவசம், திறந்த மூலம். நன்கொடையாக வந்த பழைய லேப்டாப்புகளில் ஏற்றினோம். முதல் வாரமே முட்டுச் சந்தில் போய் நின்றோம். ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் தமிழில் பதிந்திருந்தோம். ஆர் அவற்றைத் திரையில் காட்டும்போது 'க' இருக்க வேண்டிய இடத்தில் கோண அடைப்புக்குள் ஒரு குறியீட்டு எண் வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். ஒரு பாட்டியின் பெயர் இரண்டு வரிக்கு நீண்டது. "எங்க ஊரு பேரையே இது படிக்க மாட்டேங்குது அக்கா" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்கு விடை தெரியவில்லை. எங்கேயாவது போய்க் கேட்டாக வேண்டும்.

எங்கே? அப்போதுதான் அந்த மொழியின் சமூகம் இதே கேள்வியோடு எவ்வளவு காலம் அலைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டோம். அந்தக் கதை எந்த நிரல்மொழி படிக்கிறவருக்கும் பயன்படும்.

1997 முதல் ஆர் பயனர்களுக்கு ஒரு மின்னஞ்சல் பட்டியல் உண்டு. பெயர் ஆர்-ஹெல்ப். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் உள்ள இ.டி.எச். பல்கலைக்கழகத்தின் கணினியில் ஓடுகிறது. நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போகும். மொழியை எழுதியவர்களே நேரில் பதில் சொன்ன இடம் அது. அதே நேரம் கடுமைக்கும் பெயர் பெற்றது. கேட்பதற்கு முன் படிக்க வேண்டிய வழிகாட்டியே மிக நீளம். படிக்காமல் கேட்டவர்களுக்கு விழுந்த குட்டுகளில் சில, பிற்பாடு நகைச்சுவைத் தொகுப்பாக ஒரு ஆர் பொதியிலேயே சேர்ந்துவிட்டன. அறிஞர்களுக்கு அது வேடிக்கை. குட்டு வாங்கியவருக்கு எப்படி இருந்திருக்கும்? இன்னொன்று, அங்கே அனுப்பியது ஆவணக் காப்பில் அப்படியே நிற்கும். இருபது வருடத்துக்கு முன் ஒருவர் கேட்ட அசட்டுக் கேள்வியை இன்றைக்கும் தேடி எடுக்கலாம்.

2008இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கினார்கள். ஒரு கேள்வி, அதற்குக் கீழே பதில்கள், சிறந்தது மேலே. பேச்சு வளர்க்க இடமில்லை. 2009இல் ஆர் பயனர்கள் சிலர் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் அங்கே போய் ஆர் பற்றிய கேள்விகளைக் குவித்தார்கள். ஆள் இல்லாத இடத்தில் குடியேறுவது போல ஒரு மொழிச் சமூகம் திட்டமிட்டு இடம்பெயர்ந்தது. பலன் பெரிது. இன்று ஆர் பற்றி எதைத் தேடினாலும் அங்கே ஒரு பதில் கிடைக்கிறது.

ஆனால் சமூகவியல் படித்த கண்ணுக்கு அந்தத் தளத்தின் புள்ளி விதிகள்தான் முதலில் பட்டன. புதிதாக வருபவருக்கு 1 புள்ளி. அடுத்தவர் பதிவில் கருத்து எழுத 50 புள்ளி வேண்டும். 'இது உதவியது' என்று மேல்வாக்கு போடக்கூட 15 வேண்டும். பல ஆண்டுகளாக நல்ல பதிலுக்கு விழும் ஒரு வாக்குக்கு 10 புள்ளி, நல்ல கேள்விக்கு விழும் ஒரு வாக்குக்கு 5 புள்ளி. கேட்பது பதில் சொல்வதில் பாதி மதிப்பு. 2019 நவம்பரில்தான் இரண்டையும் சமமாக்கினார்கள். 2018இல் அந்த நிறுவனமே, தாங்கள் புதியவர்களையும் பெண்களையும் நிறவெறிக்கு ஆளாகும் மக்களையும் வரவேற்கும் இடமாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதியது. ஆங்கிலம் தவிர போர்த்துகீசியம், ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய 4 மொழிகளில் தனித்தளம் வைத்திருக்கிறார்கள். இந்திய மொழி ஒன்றிலும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்களில் ஒரு தோழர் இதைக் கேட்டதும் "இது படிநிலைச் சாதியமைப்பேதான்" என்றார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாதியில் உழைத்துப் புள்ளி சேர்த்து மேலே ஏற முடியாது. இங்கே முடியும். அந்த விதிகள் குப்பைப் பதிவுகளைத் தடுக்க வந்தவை, அதற்கு உதவவும் செய்தன. கண்ணில் படும் ஏற்றத்தாழ்வையெல்லாம் சாதி என்று சொன்னால் சாதியின் கனம்தான் குறையும். அதற்காக, ஏற்கெனவே கேள்வி கேட்டு அவமானப்பட்ட ஒரு பிள்ளை அந்த '1'ஐப் பார்க்கும்போது என்ன நினைக்கும் என்பதைக் கணக்கில் எடுக்காமலும் இருக்க முடியாது. எங்கள் பையன் ஒருவன் கணக்குத் தொடங்கும் படிவத்திலேயே நின்றுவிட்டான். "அண்ணா, லாஸ்ட் நேம் கேக்குது. என்ன போடுறது?" சாதிப் பெயரைப் பின்னொட்டாக வைக்கும் வழக்கத்தை விட்டொழித்த மாநிலத்தின் பிள்ளை. அப்பா பெயரைப் போடு என்றோம். புனைபெயரே போதும் என்பது பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

மூன்றாவது வழி டிஸ்கோர்ஸ். அதே ஜெஃப் அட்வுட் வேறு இருவருடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள். இது உரையாடலுக்கான இடம். கேட்டவரிடம் திருப்பிக் கேட்கலாம், விளக்கலாம், கடைசியில் ஒரு பதிலை 'தீர்வு' என்று குறிக்கலாம். ஆர்ஸ்டுடியோ நிறுவனம் 2017இல் தன் சமூகத்துக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தது. ஸ்விஃப்ட் மொழிக்காரர்கள் 2018இல் மின்னஞ்சல் பட்டியல்களை விட்டு இதற்கு வந்தார்கள். ரஸ்ட், ஜூலியா, பைத்தான் சமூகங்களும் இதைப் பயன்படுத்துகின்றன.

இதையெல்லாம் நாங்கள் நிதானமாகப் படித்தது பிற்பாடுதான். அந்த நேரத்தில் எங்களுக்குப் பொறுமை இல்லை. பிள்ளைகளிடம் இருந்தது போன். போனில் இருந்தது அரட்டைக் குழு. எங்கள் தங்கை ஒருத்தி, பல ஆயிரம் பேர் இருந்த ஏதோ ஒரு குழுவில் சேர்ந்து கேட்டாள். எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்டாள். "சரி கேளும்மா" என்று சொன்னவர்கள் நாங்கள்.

பிரச்சினையைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். திரையின் இடப்பக்கம் எக்செல் தாளைத் திறந்து வைத்தாள். அதில் தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிந்தன. வலப்பக்கம் ஆர். அதில் எண்களாகச் சிதறியிருந்தன. 'இங்கே சரியாக வருகிறது, இங்கே ஏன் வரவில்லை?' என்று எழுதி, போனில் படம் எடுத்துப் போட்டாள். கேள்வியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத கேள்வி. ஆனால் இடப்பக்கத் தாளில் 10, 12 குடும்பங்களின் பெயர், தெரு, போன் எண் இருந்தன. கடைசிக் கட்டத்தில் 'வழக்கு உண்டா' என்ற கேள்விக்கான பதிலும் இருந்தது. அதில் ஒரு குடும்பத்துக்கு நேராக 'உண்டு' என்று இருந்தது.

முதல் பதில், படம் போடாதே, நிரலைப் போடு என்றது. இரண்டாவது அவளுடைய ஆங்கிலத்தைக் கேலி செய்தது. மூன்றாவது ஆள் தமிழில் கேட்டான்: "இது எந்த ஊரு?"

அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கை நடுங்கியது. எங்களுக்குப் போன் செய்தாள். அழித்தாள். அதற்குள் 40 நிமிடம் ஓடியிருந்தது. யார் பார்த்தார்கள், யார் சேமித்தார்கள், யாருக்கு அனுப்பினார்கள், ஒன்றும் தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்குப் பதிவுகளில் மறைக்க நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. மேடை மேடையாக நாங்கள் எடுத்துச் சொல்லும் பிரிவு அது. அதைச் சொல்லிக்கொடுக்கும் இடத்திலிருந்தே இப்படி நடந்தது.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனோம். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று எங்களில் ஒருவருக்கு ஒரு நொடி தோன்றியது உண்மை. போய்ச் சொன்னோம். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "அது அழிஞ்சிருச்சா இல்லையா?" எங்களிடம் பதில் இல்லை. வழக்கு விசாரணை முடியும் வரை எங்களில் யாராவது இருவர் வாரம் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய் வந்தோம். வேண்டாதது எதுவும் நடக்கவில்லை. எங்கள் திறமையால் நடக்காமல் இருந்தது என்று சொல்லிக்கொள்ள மாட்டோம்.

அதற்குப் பிறகு மையத்தில் உட்கார்ந்து ஒரு சார்ட் பேப்பரில் 5 கேள்விகள் எழுதினோம். இங்கே போடுவதை யார் யார் பார்க்கலாம்? தவறாகப் போட்டால் அழிக்க முடியுமா? அடுத்த வருடம் வரும் பிள்ளை தேடினால் இந்தப் பதில் கிடைக்குமா? 5,000 ரூபாய் போனில் ஓடுமா? நடத்தும் நிறுவனம் நாளை கையை விரித்தால் நம் பதில்களை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா?

ஒவ்வோர் இடமும் ஏதோ ஒரு கேள்வியில் சறுக்கியது. மின்னஞ்சல் பட்டியலில் தேடலாம், அழிக்க முடியாது. வாட்ஸ்அப் குழு எல்லாப் போனிலும் ஓடும், ஆனால் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் நம் போன் எண் தெரியும். எங்கள் பெண் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு பதிலைத் தேடினால் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும். ஸ்லாக்கின் இலவசக் கணக்கில் 90 நாளுக்கு மேற்பட்ட பேச்சு தெரியாது. டிஸ்கார்டில் பேசுவது கூகுள் தேடலில் அகப்படாது. அங்கே ஒரே கேள்வியை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஐந்தாவது கேள்வி அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலருக்குப் பட்டது. ஆனால் 2021இல்தான் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை புரோசஸ் என்ற நிறுவனம் 180 கோடி டாலருக்கு வாங்கியது. லட்சக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் எழுதிய பதில்கள்தான் அதன் சொத்து. 2024இல் ஓப்பன்ஏஐயுடன் அது ஒப்பந்தம் போட்டபோது, எதிர்ப்புத் தெரிவித்துத் தங்கள் பதில்களை அழிக்கப் போன சிலரின் கணக்குகள் முடக்கப்பட்டன. ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. பெயர் குறிப்பிட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கட்டடம் விலை போனாலும் எழுதியது பொதுச்சொத்தாக நிற்க அந்த உரிமம் வழிசெய்கிறது. இடம் தேர்ந்தெடுக்கும்போது உரிமத்தைப் படியுங்கள். சலிப்பான வேலைதான், படியுங்கள்.

கடைசியில் டிஸ்கோர்ஸை எங்கள் சொந்த வாடகை சர்வரில் நிறுவுவது என்று முடிவு செய்தோம். ஐ.டி.யில் இருக்கும் தோழர் பொறுப்பு எடுத்தார். மாத வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டோம். உள்ளே வந்தவர்கள் மட்டும் படிக்கலாம். தமிழில் கேட்கலாம். புனைபெயர் போதும். புதியவர்கள் படம் போட முடியாதபடி அமைத்தோம். டிஸ்கோர்ஸில் அதற்கான நம்பிக்கை நிலைகள் உண்டு.

முடிவு சுலபமாக வரவில்லை. "நமக்குன்னு தனியா ஒரு சேரியை நாமளே கட்டிக்கணுமா? உலகம் கேக்குற இடத்துல நாமளும் கேக்கணும்" என்று ஒரு தோழர் கடுமையாக எதிர்த்தார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பதில் தெரிந்தவர்கள் பொதுவெளியில்தான் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தோழர், 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும் 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் எதற்காகத் தொடங்கினார்கள் என்று கேட்டார். தனி இடம் ஒதுங்கிக்கொள்ளவா, குரலைத் திரட்டிக்கொள்ளவா? விவாதம் இரவு 11 மணி வரை போனது. இருவரையும் சமாதானப்படுத்த ஒரு விதி செய்தோம். எங்கள் இடத்தில் 3 நாளில் விடை கிடைக்காத கேள்வி கட்டாயம் வெளியே போக வேண்டும். கேட்ட பிள்ளைதான் தன் பெயரிலோ புனைபெயரிலோ கேட்க வேண்டும். ஆங்கிலத்துக்கு எங்களில் இருவர் துணை நிற்போம். கிடைத்த பதிலை அந்தப் பிள்ளையே தமிழில் எழுதிக் கொண்டுவர வேண்டும்.

வெளியே போகும் முன் ஒரு பயிற்சி உண்டு. ஆர் உலகில் ஜென்னி பிரயன் உருவாக்கிய ரெப்ரெக்ஸ் என்ற பொதி இருக்கிறது. பிரச்சினையை மட்டும் தனியே உரித்தெடுத்து, யார் கணினியிலும் ஓடிப் பார்க்கக்கூடிய சின்ன நிரலாக மாற்ற உதவும். இதற்கு உண்மைத் தரவு தேவையே இல்லை. 'அ', 'ஆ', 'இ' என்று மூன்று கற்பனைப் பெயரும் மூன்று எண்ணும் போதும். அன்று அந்தத் தங்கைக்கு இது தெரிந்திருந்தால் 'க' என்ற ஒற்றை எழுத்தை வைத்தே கேட்டிருக்கலாம். அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதது எங்கள் தவறு. இப்போது மையத்தில் முதல் பாடம் கூட்டலோ சராசரியோ அல்ல, கற்பனைத் தரவு செய்வது.

இந்த ஏற்பாடு பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டோம். இதுவரை வெளியே போய்க் கேட்டவர்கள் 7 பேர்தான். அதில் இருவருக்குப் பதிலே வரவில்லை. சர்வர் இரண்டு முறை படுத்துவிட்டது. சேரி என்று சொன்ன தோழர் இன்னமும் அதையேதான் சொல்கிறார். இப்போது பிள்ளைகள் பலர் நேராக சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். "அது சிரிக்காது அக்கா" என்கிறார்கள். அந்த ஆறுதலை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அங்கே கேட்டது அவரோடு போய்விடும். அடுத்த பிள்ளைக்கு எதுவும் மிச்சமாகாது. தரவை ஒட்டிக் கேட்டால் ஆபத்து அங்கேயும் உண்டு. பதில் நம்பிக்கையாகப் பொய் சொல்லும்போது "இது தப்பு" என்று சொல்லப் பக்கத்தில் ஆளும் இல்லை. 2022 டிசம்பரிலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, சாட்ஜிபிடி எழுதிய பதில்களைத் தன் தளத்தில் தடை செய்ததற்கும் இதே காரணம்தான்.

அந்தத் தமிழ் எழுத்துச் சிக்கல் என்ன ஆனது? பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் ஏற்றிப் பார்த்தோம். பெயர்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. குறை விண்டோஸில் ஆர் எழுத்துகளைக் கையாண்ட முறையில் இருந்தது. 2022 ஏப்ரலில் வந்த ஆர் 4.2.0 பதிப்பு, புதிய விண்டோஸ் கணினிகளில் அதைச் சரிசெய்தது. நம் மொழியைப் போல எத்தனையோ மொழிக்காரர்கள் அதற்கு முன் பல ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதைத் தமிழில் விளக்கமாக எழுதி எங்கள் இடத்தில் 'தீர்வு' என்று குறித்தவள் அந்தத் தங்கைதான். ஓராண்டு அவள் எதுவுமே கேட்காமல் இருந்தாள். திட்டவில்லை, ஆறுதல் சொல்லிக் கொல்லவும் இல்லை, விட்டுவிட்டோம். ஒருநாள் அவளாகவே எழுதினாள்.

தம்பி, நீ கேட்டதற்கு எங்கள் பதில் இதுதான். உன் மொழிக்கு எந்த இடம் என்று தேடும் முன் அந்த 5 கேள்வியையும் கேட்டுப் பார். யாருடைய பெயரும் இல்லாத தரவோடு போ. முதல் பதில் முகத்தில் அடித்தாலும் இரண்டாவதற்குக் காத்திரு. வகுப்பில் சிரித்தவர்களுக்கும் அந்த விடை தெரிந்திருக்காது. வழி தெரியாவிட்டால் எங்கள் மையத்துக்கு வா. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 மணிக்குத் திறந்திருக்கும்.

ஜெய்பீம்.